போன வருஷக் கோல்

மாசி பிறந்ததும் எங்கள் ஊர்ச் சலூனில் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். சித்திரையில் கோவில்பட்டிப் பக்கம் நடக்கும் டோர்னமெண்டில் எங்கள் ஹாக்கி டீம் இந்த வருஷமும் கப்பு வாங்குமா, வாங்காதா? சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சலூனில் இரண்டு நாற்காலி, ஒரு நீள பெஞ்சு. முடி வெட்ட வருகிறவர்களைவிட வாயடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். எழுபதுகளின் கடைசி அது. பேசினவர்களில் பாதிப் பேர் ஹாக்கி மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடினது நாங்கள். எல்லோரும் விசைத்தறி செட்டில் வேலை பார்க்கிற பையன்கள். பகல் ஷிப்ட் முடிந்து, காதில் தறிச் சத்தம் அடங்காமலே ஹைஸ்கூல் மைதானத்துக்கு ஓடுவோம். மட்டை கீறிவிட்டால் கழிவு நூலைப் பசை தடவி இறுக்கிச் சுற்றிக்கொள்வோம். புது மட்டை வாங்கித் தர ஊரில் ஒருத்தருக்கும் மனசு கிடையாது. ஆனால் ஜெயிப்போமா என்று தீர்ப்புச் சொல்ல ஊரே வரிசையில் நிற்கும்.

ஜெயிக்காது என்ற கட்சிக்குப் பலசரக்குக் கடைக்காரர் தலைமை. கோல்கீப்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனிமேல் அவன் விழுந்து புரண்டு பந்தைத் தடுக்க மாட்டான் என்பார். ஜெயிக்கும் என்ற கட்சிக்குச் சலூன்காரர். அவர் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கத்தரிக்கோலாலேயே காட்டுவார்.

"நம்ம ரைட் இன் இங்கன இருக்காம்லா. பைனல்ல கடைசி நிமிஷத்துல கோல் போட்டு கப்பைத் தூக்கிட்டு வந்த பயல வச்சுக்கிட்டு என்ன வே பயப்படுதீரு?"

அந்தக் கோலை நான் போடவில்லை. அந்த மேட்சில் நான் ஆடவே இல்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வருஷ டோர்னமெண்டில் அரையிறுதி வரை மூன்று மேட்ச் ரைட் இன்னாக, அதாவது முன்வரிசையில் வலப்பக்கம், ஆடினவன் நான். கோல் போடவில்லை, ஆனால் போட்ட கோல் இரண்டுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தது நான். பைனல் அன்று காலையில் கேப்டனும், டீமுக்குச் செகரட்டரியாக இருந்த நூல் கடை அண்ணாச்சியும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் புதிதாக ஒருவர் நின்றார். பட்டாளத்துக்காரர், அங்கே ரெஜிமெண்ட் டீமில் ஆடுகிறவர். லீவில் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தவரைச் செகரட்டரி எப்படியோ பிடித்துவிட்டார். முன்னாலேயே உள்ளூர் ஆட்டக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாதவர் ஆடக்கூடாது என்பது விதி. அதனால் யாராவது ஒருவன் பெயரில் அவரை இறக்க வேண்டும்.

"ஒன் பேரை மட்டும் இன்னைக்கு ஒருநாள் குடுலே. அடுத்த வருஷம் எல்லா மேட்சும் நீதான். எங்கம்மா மேல சத்தியமா சொல்லுதேன்" என்றான் கேப்டன்.

கேட்கிற மாதிரி சொன்னானே தவிர, நான் பதில் சொல்வதற்குள் என் பனியனைப் பட்டாளத்துக்காரர் மாட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்காரு, யாராவது பெயர் கேட்டால் வேறு எதையாவது சொல்லு என்று செகரட்டரி புத்தி சொல்லி அனுப்பினார். உட்கார்ந்தேன். கடைசி நிமிஷத்தில் அந்த மனிதர் மூன்று பேரைத் தாண்டி ஒரு அடி அடித்தார். நல்ல அடி, அதில் பொய் இல்லை. மைக்கில் என் பெயரை மூன்று தடவை கத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் என் தொடையைத் தட்டி, "பய யாரு பெத்த பிள்ளையோ" என்றார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து என் பெயருக்குக் கைதட்டினேன்.

பைனல் பார்க்க எங்கள் ஊரிலிருந்து டீமைத் தவிர யாரும் வரவில்லை. வேலை நாள், தறியை நிறுத்திவிட்டு எவன் வருவான்? மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தது. அதில் என் பெயர். சலூன்காரர் அதை வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அப்பா அந்தக் கோலைப் பற்றித்தான் பேசினார். முதல் ஒரு மாதம் எனக்கும் இனித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓசிக் கலர் சோடா குடித்தேன். பிறகு யார் அதைப் பற்றிப் பேசினாலும் வயிறு எரிய ஆரம்பித்தது. அடுத்த வருஷம் என் காலால், என் மட்டையால் ஒரு கோல் போட்டால்தான் அது அணையும் என்று இருந்தேன். மாசி வரை அதற்காகவே நாட்களை ஓட்டினேன்.

அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் கேப்டனும் இருந்தான். செகரட்டரி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பலசரக்குக் கடைக்காரர் என்னைப் பார்த்துத் தொடங்கினார்.

"இவன் ஆட்டத்தை நேத்து மைதானத்துல பாத்தேன். போன வருஷம் ஆடுனதுல கால்வாசி கிடையாது. ஒரு கோல் போட்டதும் தலைக்கனம் ஏறிட்டு."

சலூன்காரரே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். "ஆமாலே, அந்த வேகம் எங்க போச்சு?"

கேப்டன் எல்லாம் தெரிந்தவன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவன் சொன்னான், "இப்படியே ஆடுனா இவனை வெளிய உக்கார வைக்க வேண்டியதுதான்."

எழுந்துவிட்டேன். நான் போடாத கோலைப் போட்டவன் அளவுக்கு நான் ஆடவில்லை என்று என்னையே வெளியே தள்ளப் பார்க்கிறான். அதைச் சத்தியம் செய்த வாயாலேயே சொல்கிறான். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. பட்டாளத்துக்காரர், மாமனார் வீடு, பனியன், மைக் எல்லாவற்றையும் கொட்டினேன். "வேகம் எங்கிட்ட இருந்தாத்தானவே போறதுக்கு? அது திருவேங்கடத்து மருமகனோட வேகம்!" என்றேன்.

சலூன்காரர் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒருத்தராவது செகரட்டரியைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என்னையும் சேர்த்துத் திட்டட்டும், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

பலசரக்குக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தப் பட்டாளத்துக்காரனுக்கு இந்த வருஷம் லீவு எப்பம்?"

அவ்வளவுதான். மறுபடி பேச்சு களைகட்டிவிட்டது. சித்திரையில் லீவு கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்தால் கப்பு நமக்குத்தான் என்று இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. செகரட்டரி நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எதிர்க் கடையிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கிவரச் செய்தார். அதை என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம், பட்டாளத்துக்காரருக்கு நான்தான் எழுத வேண்டுமாம்.

வாங்கினேன். "அவரு எந்தப் பேருல ஆடணும்னு எழுத?" என்று கேட்டேன்.

வெட்கப்படுவார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போன வருஷம் ஆடுன பேருதாம்லே. அது ராசியான பேரு."

லெட்டரைக் கசக்கி அவர் காலடியில் போட்டேன். "பட்டியல்ல நான் கையெழுத்துப் போட்டாத்தான அண்ணாச்சி அந்தப் பேரு வரும்? போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கேப்டன் பின்னாலேயே வந்து, "ஏலே, ஒரு பேருக்காக ஊரையே பகைச்சுக்காத" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவிடமும் உள்ளதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

சித்திரை வந்தது. டீம் முதல் மேட்சிலேயே தோற்றுத் திரும்பியது. வேறு எவனும் பெயர் கொடுக்காததால் பட்டாளத்துக்காரர் லீவில் வந்தும் மாமனார் வீட்டில் சும்மாதான் இருந்தாராம். தோற்றதற்கு நான்தான் காரணம் என்று சலூனில் ஒரே நாளில் தீர்ப்பாகிவிட்டது. அதில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருக்கட்டும். அந்த வருஷம் நான் ஆடவில்லை. என் பெயரும் ஆடவில்லை.