கவர்னரைக் கூப்பிடாத டவாலி

வக்கீல் குமாஸ்தா என்பவன் கேஸ் கட்டோடு கட்சிக்காரரின் வசவையும் சேர்த்துச் சுமக்கப் பிறந்தவன். ஜெயித்தால் வக்கீலின் மூளை, தோற்றால் குமாஸ்தாவின் சோம்பல். பாளையங்கோட்டை கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்ற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் சுமந்த ஒரு கேஸ் கட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு லட்டு

கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். வலையைச் சுமந்துகொண்டு ரோட்டோரமாக நடந்த மரியதாஸ் மேல், ஓர் அரசியல் பெரும்புள்ளி தானே ஓட்டிவந்த ஜீப்பை ஏற்றினார். முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. டிரைவர்தான் ஓட்டினான் என்று சாதித்துப் பார்த்தார்கள். அந்த டிரைவரே கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லிவிட்டான். கீழ்க்கோர்ட்டில் ஒரு வருடம் ஜெயில் என்று தீர்ப்பு. பெரும்புள்ளி அப்பீல் போட்டுவிட்டு ஜாமீனில் திரிந்தார். சமாதானமாகப் போனால் புது வள்ளம் வாங்கித் தருவதாக ஆள் அனுப்பினார். மரியதாஸ் மசிந்தார், அவர் பெண்சாதி செசிலி மசியவில்லை. அந்த ஆள் ஒரு நாளாவது உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அவர்கள் தரப்பில் சர்க்கார் வக்கீலுக்குத் துணையாக நின்றவர் எங்கள் வக்கீல்.

அப்பீலில் வாதம் முடிய வேண்டிய வாய்தா அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அவர் கட்சிக்காரரை வடக்கே ஒரு மாநிலத்துக்குக் கவர்னராகப் போட்டுவிட்டார்களாம். ஜனாதிபதியோ கவர்னரோ பதவியில் இருக்கிறவரை அவர்கள் மேல் கிரிமினல் வழக்கு நடக்காது, ஜெயிலுக்கும் அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. தண்டனை ரத்தும் ஆகவில்லை, நடப்புக்கும் வரவில்லை. இதைச் செசிலிக்கு விளக்குகிற கர்மம் என் தலையில் விழுந்தது. வெட்கக்கேடு, என் கையிலும் ஒரு லட்டு இருந்தது. அவள் அதையே பார்த்தபடி கேட்டாள்: "அவருக்குப் பதவி, ஒங்களுக்கு லட்டு. எங்களுக்கு என்ன வச்சிருக்கீய அண்ணாச்சி?"

டவாலியின் தொண்டை

கேஸ் தூங்கினாலும் வாய்தா தூங்காது, மாசா மாசம் லிஸ்டில் வரும். வரவேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியும் செசிலி இரண்டு பஸ் மாறி வந்து நிற்பாள். வாசலில் நின்று ஆளின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டியது டவாலி சுடலைமுத்துவின் வேலை. அப்பீல் வந்த முதல் வருடம் அந்தப் பெரும்புள்ளியின் பெயரையும் தூண் அதிரக் கூப்பிட்டவர்தான். கவர்னர் ஆனபிறகு அந்த கேஸ் வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்ப்பார்.

ஒரு நாள் செசிலி அவர் முன்னால் போய், "ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க, நான் கேட்டுட்டுப் போயிருதேன்" என்றாள். சுடலைமுத்து நல்ல மனுஷன், அவருக்கே கண் கலங்கிவிட்டது. பைய அவளை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "கவர்னரை மொட்டையாப் பேரு சொல்லிக் கூப்பிட்டா எஞ்சோலி போயிரும் தாயி. எனக்கும் மூணு பொட்டப்புள்ளைய இருக்கு."

வண்ணார்பேட்டையில் ஒரு மணி நேரம்

அடுத்த வருடம் கவர்னர் ஏதோ கட்டடம் திறக்க ஊருக்கு வந்தார். அன்றைக்கும் வாய்தா. வண்ணார்பேட்டையில் பஸ், லாரி, சைக்கிள் எல்லாவற்றையும் மறித்துவிட்டார்கள். கட்டும் கையுமாக நானும் மாட்டிக்கொண்டேன். நிமிர்ந்தால் பக்கத்து பஸ் ஜன்னலில் செசிலி, அவளுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு மரியதாஸ். ஒரு வருட ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டவர் முன்னும் பின்னும் போலீஸ் ஜீப்போடு போகட்டும் என்று, கால் இழந்தவர் வெயிலில் காத்துக்கிடந்தார். அடப்பாவிகளா என்று வாய்வரை வந்தது. போலீஸ் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

செசிலி இறங்கிப்போய், கோர்ட்டுக்கு நேரமாகிறது, வழிவிடுங்கள் என்று மறித்து நின்ற போலீஸ் ஏட்டிடம் கேட்டாள். யார் மேல் கேஸ் என்று அந்த ஏட்டுக்குத் தெரியாது. "கவர்னர் கார் போவுதுல்லா? ஒரு நாள் கோர்ட்டுக்குப் போவலைன்னா குடியா முழுவிப்போவும்?" என்றார்.

மூன்று தடவை

பதவி முடிய நான்கு மாதம் இருக்கையில் கவர்னர் மாரடைப்பில் செத்துப்போனார். கொடி போர்த்தி, துப்பாக்கிக் குண்டு முழக்கி அனுப்பிவைத்தார்கள். பேப்பரில் ஒரு பக்கம் முழுக்கப் புகழாரம். அந்தத் தண்டனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த வாய்தாவில் அப்பீலை முடித்தார்கள். அப்பீல் போட்டவர் இறந்தால் அப்பீலும் செத்தது. தண்டனை அப்படியே நிற்கிறது, அனுபவிக்கத்தான் ஆள் இல்லை என்றார் எங்கள் வக்கீல். அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சுடலைமுத்து வாசலுக்கு வந்தார், அடைமொழி ஒன்றும் இல்லாமல் அந்தப் பெயரை மூன்று தடவை தூண் அதிரக் கூப்பிட்டார். செசிலிக்காகத்தான் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், மடையன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்: "உசுரோட இருக்கையில கூப்பிடப் பயந்த பேரை, செத்த பொறவு எதுக்கு அண்ணாச்சி இந்தக் கூப்பாடு கூப்பிடுதீய?"

ஆயிரம் கேஸுக்கு வாய்தா வாங்கிக் கொடுத்த நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் எனக்கே வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன்.