மூடிகளும் ஒரு மெல்லிய புத்தகமும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செடெனாக் பக்கம் பாட்டில் மூடி செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். தரக் கட்டுப்பாட்டைக் கவனித்து வந்தவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமையே முதலாளி என் மேசைக்கு வந்தார். அவர் சீனர், நல்ல மனிதர். எதையும் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்.

“சிங்கப்பூர் கஸ்டமர் தரச் சான்றிதழ் கேக்குறாங்க. இனிமே நீதான் குவாலிட்டி” என்றார், பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக.

“பாஸ், எனக்கு ஒன்னும் தெரியாதே.”

“இன்டர்நெட் இருக்கு லா. தேடு.”

தேடினேன். சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்தால் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பாதிப் பேர் தயாராக எழுதி வைத்த ஆவணங்களின் முழுத் தொகுப்பையும் விலைக்கு வாங்கச் சொன்னார்கள். காணொளியில் ஒருவர் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டுக்கொண்டே போனார். அச்சடித்து வைத்த தாள்களைப் பார்த்த என் கணவர், “என்ன இது, வீட்டு லோனா?” என்று கேட்டார்.

கடைசியில் தரக் கையேட்டின் மாதிரி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. எங்கோ ஐஸ்கிரீம் செய்யும் கம்பெனிக்காக எழுதியது. ஐஸ்கிரீம் என்று வந்த இடத்திலெல்லாம் மூடி என்று மாற்றி, பெருமையோடு அலுவலகக் கூட்டத்தில் வைத்தேன். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“மூடிங்கள ஐஸ்பெட்டியில வெக்கணும்னு போட்டிருக்கு. ஏன், உருகிடுமா?”

உற்பத்திப் பிரிவைப் பார்க்கும் அண்ணன் முகத்தில் சிரிப்பே காட்டாமல், “பாஸ், பெரிய பிரீசரா வாங்கிருவோம். நம்ம சாப்பாட்டையும் வெச்சுக்கலாம்” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் காது சுட்டது.

சில வாரங்களில் ஜொகூர் பாருவில் சிறு தொழிற்சாலைக்காரர்களுக்கென்று இலவசக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. பேச்சாளர் திரையில் படங்களை ரயில் மாதிரி ஓட்டினார். தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் நின்ற பெண், காகிதத்தில் கறிபாப்புப் பலகாரத்தை அடுக்கிக்கொண்டே, “அக்கா, உங்களுக்கு ஏதாச்சும் புரிஞ்சுச்சா?” என்று கேட்டாள்.

“இது உருளைக்கிழங்கு கறிபாப்புன்னு புரிஞ்சுச்சு.”

அவள் வாயில் இருந்ததைச் சிந்தாமல் சிரிக்கப் பெரும்பாடு பட்டாள். அவள் வீடு பண்டார் தெங்காராவில், வேலை செனாயில் ரப்பர் உதிரிப்பாகம் செய்யும் இடத்தில். அவளும் என்னைப் போலவே திடீரென்று தரப் பிரிவில் உட்கார வைக்கப்பட்டவள்தான். ஆனால் ஒரு விஷயம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

“அக்கா, சான்றிதழுக்கு அடிப்படையான அந்தத் தரநிலை புத்தகம் ரொம்ப மெல்லிசு. எல்லாரும் அதப் பத்தி எழுதுனதத்தான் படிக்கிறாங்க. அதையே யாரும் படிக்க மாட்டேங்குறாங்க. பாஸ்கிட்ட சொல்லி முதல்ல அத வாங்குங்க. சின்ன கம்பெனிகளுக்குன்னு ஒரு விளக்கமும் இருக்கு. அது சும்மாவே கிடைக்குது, அனுப்பி விடுறேன்.”

புத்தகம் வந்தது. மெல்லியதுதான். ஆனால் ஒவ்வொரு வரியும் அரிசியில் கிடந்த கல் மாதிரி பல்லில் பட்டது. தனியாகப் படித்தால் தூக்கம் வருகிறது என்று இருவருமே ஒப்புக்கொண்டு, சனிக்கிழமைகளில் கூலாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திக்கத் தொடங்கினோம். ஒருத்தி ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசிப்பாள். மற்றவள் அதை நம் பேச்சில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அன்றைய தே தாரிக் தேநீர் அவள் செலவு.

நிறுவனத்தோடு தொடர்புள்ள தரப்பினரின் தேவைகளையும் எதிர்பார்ப்புகளையும் அறிய வேண்டும் என்று ஓர் இடம். அவள் திணறினாள். நான் சொன்னேன், “இது சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி. என்ன எதிர்பாக்குறாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும். இல்லாட்டி கல்யாணத்தன்னிக்குச் சண்ட.”

“அலமாக், அக்கா! இத ஏன் அந்த ஸ்பீக்கர் சொல்லல?”

அதிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் சம்பந்தி என்றே பெயர்.

அந்தச் சமயத்தில் ஒரு சம்பந்திக்குக் கோபம் வந்தது. மிளகாய்ச் சாந்து செய்யும் ஒரு கம்பெனிக்காரர் தொலைபேசியில் கத்தினார். மூடி ஆடுகிறது, சாந்து ஒழுகுகிறது. முன்பெல்லாம் இப்படி நடந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு பெட்டி அனுப்புவோம். இதைச் சனிக்கிழமை சொன்னபோது தோழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதே மெஷின்ல வந்த அதே மூடியத்தானே மறுபடியும் அனுப்புறீங்க?”

புத்தகம் சொன்னதும் அதுதான்: தவறைத் திருத்தினால் போதாது, அதன் காரணத்தை எடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை உற்பத்தி அண்ணனோடு இயந்திரத்தருகே போய் நின்றேன். அங்கே அவ்வளவு நேரம் நான் நின்றதே இல்லை. இயந்திரத்திலிருந்து மூடிகள் சூடாக ஆழமான பெட்டிக்குள் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்துப் பாட்டிலில் திருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அண்ணன் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். அதைத் திருகினால் ஆடியது.

மூடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

“சூட்டோட கீழ போய் அமுங்கிடுது” என்றார் அவர்.

“வட்டமே கோணிப் போச்சுண்ணே.”

அவர் இன்னும் நாலைந்தை எடுத்துப் பார்த்தார். அடியில் இருந்தவை பலவும் அப்படித்தான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். மூடிகளை அகலமான தட்டுகளில் பரப்பி, காற்றாடிக்கு அடியில் ஆறவைத்துப் பெட்டியில் போடலாம் என்றோம். இடமில்லை என்றார். பின்பக்க மூலையில் குவிந்திருந்த உடைந்த நாற்காலிகளைக் காட்டினேன். அவர் தாமே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

அதன் பிறகு சாந்துக்காரர் ஒருமுறை அழைத்தார். என்னமோ ஏதோ என்று எடுத்தேன். “என்னம்மா, மூடி எல்லாம் நல்லா இருக்கே, மெஷின் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் சாப்பிடத் தேவைப்படவில்லை.

சான்றிதழுக்கான தணிக்கைக்கு வந்த அம்மையார் மென்மையாகப் பேசி எல்லாவற்றையும் நோண்டினார். சின்னச் சின்னக் குறைகளை எழுதினார். சரிசெய்தோம், சான்றிதழ் வந்தது. முதலாளி எல்லாருக்கும் டுரியான் பழம் வாங்கினார். ஒரு வாரம் அலுவலகக் குளிர்சாதனம் டுரியான் வாசத்தைத்தான் ஊதியது.

நாங்கள் சனிக்கிழமைப் படிப்பை நிறுத்தவில்லை. எங்கள் விளக்கங்களைக் குரல் பதிவாக்கி வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்றில் போடத் தொடங்கினாள் தோழி. முதலில் நாங்கள் இருவர்தான் குழு. பிறகு யார் யாரோ சேர்ந்தார்கள்.

போன வாரம் தங்காக்கிலிருந்து பள்ளிச் சீருடை தைத்து விற்கும் குழு உறுப்பினர் ஒருவர், கார் ஓட்டிக்கொண்டு கூலாய் வரைக்கும் வந்துவிட்டார். கையில் ஒரு பை. நான்கு சட்டைகளை எடுத்து எங்கள் மேசையில் விரித்தார். நான்கிலும் ஒரே அளவுச் சீட்டு, நான்கும் நான்கு நீளம்.

“கஸ்டமர் திட்டுறாங்கக்கா. எங்க தப்பு நடக்குதுன்னே தெரியல.”

தோழி தட்டுகளை ஓரம் தள்ளினாள். கடைக்காரர் தோளில் துண்டோடு வந்து எட்டிப் பார்த்து, “வெட்டுறது யாரு, ஒரே ஆளா?” என்றார். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காரணத்தைத் தேடியதிலேயே அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை.