சாய்ந்ததுதான் கர்ணம்

எங்கள் கணக்கு வாத்தியாரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐம்பதுகளில் செங்கல்பட்டில் பள்ளி இறுதி வகுப்புப் படித்தேன். செங்கோண முக்கோணத்தை அவர் பிரம்பால்தான் சொல்லிக்கொடுத்தார். "நிக்கிறது எதிர்ப்பக்கம், படுத்தது அடுத்த பக்கம், சாய்ஞ்சது கர்ணம்" என்று வகுப்பே கத்தவேண்டும். தடுமாறினவனுக்கு முட்டியில் விழும். சைன், காஸ் எல்லாவற்றையும் அந்தப் பாட்டை வைத்தே ஒப்பித்துத் தள்ளினோம்.

என் பெஞ்சுக்காரன் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பையன். பள்ளியில் அவனைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பாவிட்டால் அண்ணன் வந்து கட்டுமரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். அப்பாவைக் கொண்டுபோன கடல் என்பதால் அவனுக்கு அதைக் கண்டாலே உதறும்.

பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்த அன்று பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். நீளக் கோடு அடியில் படுத்திருந்தது. செங்கோணம் உச்சியில் இருந்தது. "கர்ணம் எது?"

"சாய்ஞ்சது!" என்று கத்தினோம்.

"ரெண்டு சாய்ஞ்சிருக்கே. எது?"

பாதிப் பேர் இடது கோட்டையும் பாதிப் பேர் வலது கோட்டையும் காட்டினோம். அவர் செங்கோணத்தைத் தொட்டு, அதற்கு நேரெதிரே விரலை இறக்கி அடிக்கோட்டைக் காட்டினார். "உங்க வாத்தியார் இதைச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வாத்தியார் கதவைச் சாத்தினார். கன்னம், காது, கழுத்து என்று பார்க்காமல் வரிசையாக விளாசினார். என் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். பெஞ்சுக்காரன் முறை வந்ததும் அவன் பிரம்பை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாத்துக்கு சார் அடிக்கிற? நீ சொல்லிக் குடுத்ததத்தான சொன்னோம்!"

அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய்ப் பலகையில் மோதினார். பிறகு கோணலாக ஒரு முக்கோணத்தைக் கிறுக்கி, "பெரிய மேதாவி! காட்டுடா பார்க்கலாம்" என்றார். மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக அவன் முதலில் செங்கோணத்தைத் தேடினான். பிறகு அதன் எதிர்க் கோட்டில் விரலை வைத்தான்.

"எப்டித் திருப்பிப் போட்டாலும் இதான் சார் கர்ணம்."

சரியான பதில். அதற்கும் ஓங்கி ஓர் அறை விழுந்தது, அந்தப் பாவி கையால்.

பிரம்பைப் பிடித்த குற்றத்துக்காக அவனைத் தேர்வுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். எங்களையெல்லாம் அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் தொட்டுக் காட்டியும் கர்ணம் எதுவென்று விளங்காத நானும் போய் எழுதித் தேறினேன்.