மாடியில் நின்ற தண்ணீர்

என் கணவர் இறந்தது ஐப்பசி அடைமழைக்குச் சற்று முன்னால். குறுவை நெல்லை ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டு மாடியில் கொட்டிக் காயவைத்தார். நெல்மணி சரிந்து தெருவுக்குப் போகாமல் இருக்க, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். நெல்லைத் துழாவிவிட்டுக் கீழே வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மழை வருவதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் நெல்லை அள்ளி மூட்டை கட்டி இறக்கிவிட்டார்கள். சாக்கு யாருக்கும் நினைவில்லை. இழவு வீட்டில் யாருக்கு இருக்கும்? என்னைக் கூடத்து மூலையில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கல்லாவது வெயிலில் சுடும். எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு கூடம் ஒழுக ஆரம்பித்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, எங்கள் வீட்டில் தூவானம் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. குண்டான், வாளி, அன்னக்கூடை என்று இருந்ததையெல்லாம் வைத்தோம். ஒருநாள் படுக்கையறையில் மேல்பூச்சு பெயர்ந்து, கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் விழுந்தது. கூட்டி அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். நான் அந்தப் பக்கம் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மற்றவர்கள்தான் பதறினார்கள்.

சென்னையிலிருந்து வந்திருந்த மகளும் மாப்பிள்ளையும் இன்னும் கிளம்பவில்லை. மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கம்பியெல்லாம் துருப்பிடிச்சிருக்கும் அத்தை. இந்த மாடி தாங்காது" என்றார். படியில் பாசி வழுக்கியதால் மேலே யாரும் ஏறவில்லை.

"எங்ககூட வந்துரும்மா. இந்த வீட்ல உன்னை எப்படி விட்டுட்டுப் போறது?" என்றாள் மகள்.

சரி என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரிதான். ஆனால் இது மனதோடு சொன்ன சரி. பிறந்த வீட்டிலிருந்து நேரே இங்கே வந்தவள் நான், ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லை. பயமாக இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் போய் உட்காருவதா என்று ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய வாய் இது. நானாக எப்படிக் கேட்பேன்? வீடு ஒழுகியது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்ப வேண்டிய நாளில் வெயில் அடித்தது. ஈரப் போர்வைகளைப் பையில் வைக்க முடியாது, காயப்போட்டு எடுக்கலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். கெண்டைக்கால் அளவு தண்ணீர் நின்றது. நாற்று நடலாம் போலிருந்தது. குழாய் வாயில் அவர் அடைத்த சாக்கு அப்படியே இருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் தேங்கி நின்றால் மடையைத் திறக்கத்தான் எங்கள் கை போகும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் தெருவில் சடசடவென்று கொட்டியது. மாப்பிள்ளை வாசலுக்கு ஓடிவந்தார். மகள் மேலே வந்து பார்த்து, "அப்பா வேலையா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சாக்கைப் பிழிந்து சுவர்மேல் போட்டேன்.

பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஒழுக்கு மெல்ல நின்றது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, கம்பி நன்றாக இருக்கிறது, கோடையில் மேலே ஒரு பூச்சுப் போட்டால் போதும் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

"நல்லவேளை, வீடு தப்பிச்சுது. உனக்கும் இங்க இருந்தாத்தானே பொழுது போகும், இல்லம்மா?" என்றாள் மகள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆமாம் என்று வந்தது. அவள் தன் பையை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். இனி அவளிடம் போவதென்றால், பயமாக இருக்கிறது, கூட்டிக்கொண்டு போ என்று நானே கேட்க வேண்டும்.

மார்கழியில் ஒருநாள் காலம் தப்பி மழை கொட்டியது. உடனே போன் செய்தாள்.

"ஒழுகுதாம்மா?"

அண்ணாந்து பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை.

"இல்லடி" என்றேன்.