விருந்தாளிகளுக்கு எழுதியவள்

அந்தக் கண் மருத்துவமனையில் அவளை எல்லாரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டைக் கொடுப்பதும், முறை வந்ததும் குரல் கொடுத்து உள்ளே அனுப்புவதும் அவள் வேலை. உட்காருங்க, இருங்க, போங்க, அடுத்தவங்க வாங்க. இத்தனை சொற்கள் போதும், பொழுது ஓடிவிடும். வாயில் மிஞ்சிய சொற்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதையில் கொட்டினாள்.

வாரப் பத்திரிகைக்குக் கதை அனுப்புவாள். பெரும்பாலும் பதிலே வராது. ஆனால் வருடா வருடம் விடுமுறை மலர் தயாராகும் நேரத்தில் மட்டும் உதவி ஆசிரியர் தானாகவே போன் செய்வார். "மலருக்குன்னா உங்க கைதாங்க வேணும். கொஞ்சம் தாராளமா எழுதுங்க" என்பார். தாராளத்துக்கு அவளிடம் பஞ்சமா? அவள் கதையில் மழை சும்மா பெய்யாது, விம்மிக்கொண்டு பெய்யும். கண்ணீர் வெறுமனே வழியாது, முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு இறங்கும்.

அந்த வருடம் அவள் எழுதிய கதை, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பற்றியது. கதைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம். எழுத்தாளர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தார்கள்: உங்கள் எழுத்து நடையை விடுமுறை நாள் சாப்பாட்டோடு ஒப்பிடச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஒருவர் நறுக்கிய பழம் என்றிருந்தார். இன்னொருவர் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் குளிர்ந்த தண்ணீர் என்று அடக்கமாகச் சொல்லியிருந்தார். டோக்கன் அக்காவின் பதில்தான் நீளம். "என் நடை முழு விருந்து. இனிப்பில் தொடங்கி, நடுவில் காரம் ஏற்றி, மறுபடி இனிப்பில் முடிப்பேன். என்னிடம் சாப்பிட உட்கார்ந்தவர் அரை வயிற்றோடு எழுந்ததில்லை!"

மலர் வந்த அன்று நாலு பிரதி வாங்கி மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் பரப்பி வைத்தாள். நர்ஸ்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கால் தரையில் பாவவில்லை. மதியம் போன் அடித்தது. ஊரின் மறுகோடியில் குடியிருக்கும் மகள்.

"படிச்சேம்மா."

"நல்லா இருந்துச்சா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏனென்றால் குழந்தையைப் பறிகொடுத்தவள் வேறு யாரும் இல்லை, அந்த மகள்தான். அது நடந்து ஒரு வருடம்கூட முடியவில்லை.

மறுமுனையில் மகள் மலரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கதையில அந்தப் பொண்ணு குழந்தையை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிறா. நிலாத் துண்டு மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கே. நீ எங்கம்மா பாத்தே? பிரசவ அறையில நீ இல்லவே இல்லையே. கீழே டீ குடிக்கப் போயிருந்தே."

"கதைதானேடி அது. பேரைக்கூட நான்..."

"பக்கத்துல வேற போட்டிருக்கு, முழு விருந்துன்னு. சரிதான். விசேஷ நாள்ல வீட்டுல சமைக்கிறதெல்லாம் வர்றவங்களுக்குத்தானே. நல்ல துண்டாப் பாத்து எடுத்து வெச்சுட்டே. என் பிள்ளையம்மா அது."

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாள் அதுவும் அடிக்கவில்லை. மகள் அவள் எண்ணையே தடுத்து வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் எண் வழியாக மகளுக்குச் செய்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தாள். என்னை மன்னித்துவிடு என்று தொடங்கினால், அதன் பின்னாலேயே என் இதயத்தின் ஆழத்திலிருந்து என்று விரல் தட்டியது. அழித்தாள். ஒரு தாயின் தவிப்பு உனக்கு என்று அடுத்து வந்தது. அதையும் அழித்தாள். எது எழுதினாலும் பாகு சொட்டியது. கடைசியில் தப்பு பண்ணிட்டேன் என்று மட்டும் அடித்துப் பார்த்தாள். அதுவும் ஒரு கதையின் கடைசி வரி மாதிரியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பஸ் பணிமனையில் பிரேக் பார்க்கிறவர். "நீ ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா அதுக்குப் பிரேக்கே கிடையாது" என்று முன்பெல்லாம் கேலி செய்வார். இப்போது கேலியும் இல்லை. "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கும் அது பேரக்குழந்தைதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரத்தில் ஒரு காலைப்பொழுது. காத்திருப்பு அறையில், கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடியபடி ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மருந்து ஏறும்வரை பொழுது போகவில்லை. மேசையில் கையால் துழாவி, வந்தபோதே பார்த்து வைத்திருந்த மலரை எடுத்து டோக்கன் அக்காவிடம் நீட்டினார். "இதுல பிள்ளையைப் பறிகொடுத்த கதை ஒண்ணு இருக்காமே, எங்க வீட்டுல எல்லாரும் படிச்சுட்டு அழுதாங்க. கொஞ்சம் வாசிச்சுக் காட்டேம்மா."

அது தன் கதை என்று அவள் சொல்லவில்லை. மறுக்கவும் வாய் வரவில்லை. வாசித்தாள். சுற்றியிருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நிலாத் துண்டு வந்த இடத்தில் அந்தப் பெண்மணி மூடிய கண்ணோடு உச்சுக்கொட்டி, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அடடா. என்னமா எழுதியிருக்கா! அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிம்மா."

இன்னொரு தடவை. பரிமாறுகிறவளிடம் தட்டை நீட்டுகிற மாதிரி, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், ஆசையாகக் கேட்டார். கேட்டவர்மேல் என்ன தப்பு? நல்ல சாப்பாடு என்றால் மறுபடி கேட்கத்தானே செய்வார்கள்? சமைத்தது யார்?

"எனக்குத் தொண்டை சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மகளின் பிரசவத்தன்று டீக்கடையில் நின்றது நினைவுக்கு வந்தது. பசியில்லை, தாகமில்லை. மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் இறங்கிப் போனாள். டீ ஆறிப் போகும்வரை அங்கேயே நின்றாள். இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். இப்போதும் எழுத்துதானா?

அவளுடைய முதல் கதைத் தொகுப்பு அப்போது அச்சுக்குப் போக இருந்தது. அந்தக் கதைதான் முதலில். மதியம் பதிப்பகத்துக்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கதையை எடுத்துவிடச் சொன்னாள்.

"விளையாடுறீங்களா? அதுக்காகத்தான் புத்தகமே. அதை எடுத்துட்டா விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் தட்டை வெச்ச மாதிரி ஆயிடும்."

"அப்போ புத்தகமே வேண்டாங்க."

அவர் கத்தினார். பிறகு கெஞ்சினார். அப்புறம் இனி இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பத்து வருடக் கனவு, போன் சூடாறுவதற்குள் முடிந்தது. அழுகை வரவில்லை. இதை மகளிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்கினால் அவள் மனம் இளகும் என்று மனசு அதற்குள் வரி அமைக்க ஆரம்பித்திருந்தது. அதுதான் அவளை உண்மையிலேயே நடுங்க வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். கதவைத் திறந்தது மாப்பிள்ளை.

"அத்தை, இப்போ வேண்டாமே. ரெண்டு நாளாத்தான் ஒழுங்காச் சாப்பிடுறா."

"நான் உள்ளே வரலை மாப்பிள்ளை. இங்கயே நிக்கிறேன்."

மாடிப்படி ஓரமாக நின்றாள். மேலே போகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். கால் கடுத்தபோது படியில் உட்கார்ந்தாள். வெயில் சாயும் நேரத்தில் மகள் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். கூந்தலை எப்படியோ சுருட்டி முடிந்திருந்தாள்.

"புத்தகத்தை நிறுத்திட்டியாமே. உன் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா போன் பண்ணிச் சொன்னாங்க. எனக்காகவா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். "தெரியலடி."

மகள் அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"ஊருக்கே சொன்னே. எங்கிட்ட ஒரு தடவையாவது கேட்டியா, உள்ளே என்ன நடந்துச்சுன்னு?"

"என்ன நடந்துச்சு?"

"சொன்னா எழுதுவே."

"மாட்டேன்."

"உன்னால முடியாதும்மா. உனக்கே தெரியும்."

வாயில் நிறைய வந்தது, ஒன்றையும் வெளியே விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, மகளின் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருட்டப் போகுது, போயிட்டு வா" என்று மகள் உள்ளே திரும்பினாள்.

பஸ்ஸில் அந்த இரண்டு சொற்களையும் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். போ என்று சொல்லவில்லை. போயிட்டு வா என்றாள். வாய்ப் பழக்கத்தில் வந்ததா, நிஜமாகவே வரச் சொன்னாளா? நிறுத்தம் வந்தும் இறங்க மறந்து, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனாள். முதலில் படியில், பிறகு கதவுக்குள், பிறகு கூடத்து நாற்காலியில். மகள் எதிரே உட்காரமாட்டாள். அடுத்த அறையில் ஏதாவது வேலையாக இருப்பாள். உதவி ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை. எழுதாமல் இருப்பது பழகவும் இல்லை. சில நாள் டோக்கன் கொடுக்கும்போதே ஒரு வரி முழுதாக வந்து நிற்கும். அதை விழுங்கினால், ஆறாத சோற்றை அப்படியே விழுங்குகிற மாதிரி உள்ளே எரித்துக்கொண்டு இறங்கும்.

உள்ளே என்ன நடந்தது என்று மகள் இன்றுவரை சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. ஒரு ஞாயிறு வானம் இருண்டு வந்தபோது, உள்ளிருந்து மகளின் குரல் மட்டும் கேட்டது.

"அம்மா, சும்மாதானே உக்காந்திருக்கே. மாடியில துணி காயுது, எடுத்துட்டு வா."

விழுந்தடித்துக்கொண்டு மாடியேறினாள். மழை பிடித்துக்கொண்டது. கொடியில் இருந்ததையெல்லாம் அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு, பாதி நனைந்தபடி இறங்கி வந்தாள்.