அரசியை உள்ளே வைத்துக் கதவடைத்தவன்

ஒரு கம்ப்யூட்டர் கேமில் வரும் காவலன் துரோகி இல்லையோ என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டின் சூளைக்கு முன்னால். கோபித்துக்கொண்டு போன நண்பனைச் சமாதானப்படுத்த அங்கே போயிருந்தேன்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவன் பன்னிரண்டாவதோடு அந்த யூனிட்டில் சேர்ந்து, பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைச் சூளையில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஞாயிறு மதியங்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரௌசிங் சென்டரில் ஒரு மாயாஜால கேம் ஆடுவோம். சண்டை அவன் கையில், ஆங்கிலம் என் வாயில். திரையில் வரும் வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் வாள் வீசுவான்.

ஒரு கட்டத்தில் அரசி தீ அரக்கனைத் தன்னோடு குகைக்குள் இழுத்துக்கொண்டு போகிறாள். அவளுடைய காவலன் வெளியிலிருந்து கதவைத் தாழிட்டுவிடுகிறான்.

"துரோகிடா. நாற்காலி மேல ஆச," என்றேன்.

"ஆசப்பட்டவன் ஏன் அந்தக் கதவுலயே சாஞ்சி நிக்கிறான்? முதுகு வேவுது பாரு."

"இங்கிலீஷ் படிச்சது நீயா நானா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மவுஸை விட்டுவிட்டு எழுந்து போனவன் மூன்று ஞாயிறு வரவில்லை. தனியாக ஆடிப் பார்த்தேன். செத்துக்கொண்டே இருந்தேன். அதுகூடப் பரவாயில்லை, மறுத்துப் பேச ஆளில்லாமல் கதையே சப்பென்று ஆகிவிட்டது.

அதனால்தான் போனேன். தீ அணைத்து, சூளை மூடியபடியே ஆறிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்காமலேயே பேசினான்.

"இத இப்ப தொறந்தா என்னாவும் தெரியுமா? குளுந்த காத்து பட்டு உள்ள அத்தனையும் வெடிச்சிடும். அந்த அரசியம்மா பட்டது வீணாப் போவக் கூடாதுன்னுதான் காவக்காரனும் தொறக்கல. அவளே சொல்லிட்டுப் போயிருப்பா."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தக் காட்சிக்கு முன்னால் நீளமாக ஒரு வசனம் வந்தது. சண்டையைப் பார்க்கும் அவசரத்தில், "ஏதோ அழுவாச்சி, தட்டு தட்டு" என்று அவனைத் தாண்ட வைத்தவன் நான்.

நேரே சென்டருக்கு ஓடி, முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து படித்தேன். 'நானே கதறினாலும் திறக்காதே' என்று அரசி அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். வரி என் கண் முன்னால் இருந்தது. அதைப் படிக்காமலே கண்டுபிடித்தவன் அவன்.

திரும்பி வந்து சொன்னேன்.

"இந்த மாதிரி எத்தன எடத்துல தட்டச் சொன்ன?"

"நெறைய."

"அடப்பாவி! அப்ப நான் வெட்டுனதுல எத்தன பேரு நல்லவனோ!"

சிரித்துவிட்டான். போடா என்று அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. இன்றைக்கு எந்தக் கதையைப் படித்தாலும், கெட்டவன் என்று முடிவு கட்டுமுன் ஒரு பக்கம் பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்றால், அவன் கொடுத்த பழக்கம் அது.

அடுத்த ஞாயிறே முதல் கட்டத்திலிருந்து மறுபடி தொடங்குவதென்று முடிவானது. வாள் என் கையில், ஆங்கிலம் அவன் வாயில்.

"நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்," என்றான். "முடிக்கிற வரைக்கும் ஒருத்தனையும் வெட்டக் கூடாது, ஆமா."