தொள்ளாயிரத்துக்குக் கீழே

திகாம் பத்து ஊரில் காவடி கட்டும் பரஞ்சோதியிடம் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வேண்டுதல்தான்: காவடி கோபுரம் மாதிரித் தெரிய வேண்டும், தோளில் வைத்தால் இருப்பதே தெரியக்கூடாது. இருபத்திரண்டு வருடமாக அலுமினியத்தையும் ஃபைபரையும் வைத்து அந்த அதிசயத்தை அவர் செய்துவந்தார். பக்தி கூடக் கூடக் கனம் குறைந்துகொண்டே வந்தது.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஷாஹிர் அவரை அழைத்தான். அவனிடம் எழுபத்து மூன்றாம் வருடத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. எடை ஆயிரத்து முப்பது கிலோ. மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் அவன் சேர நினைத்த பிரிவுக்குத் தொள்ளாயிரத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

“முடியுமாலாஹ், அண்ணே?”

கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் வினை.

“வரலேன்னா முருகன்மேல ஆணை, இனிமே காவடியே கட்டமாட்டேன்!”

மூன்று மாதம் உழைத்தார். பொனட், கதவு, பின்மூடி எல்லாம் ஃபைபர். ஜன்னலுக்கு அக்ரிலிக். இருக்கைகளுக்கு அலுமினியச் சட்டம். அவர் கணக்குப்படி எண்ணூற்றுத் தொண்ணூறு.

நிறுப்பதற்குச் சிடாம் கிரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளை நிறுக்கும் தராசுக்குப் போனார்கள். காரை மேடையில் ஏற்றிவிட்டு இருவரும் இறங்கி நின்றார்கள். தராசுக்காரி பிரேமாவதி எட்டிப் பார்த்தார்.

“தொள்ளாயிரத்துப் பத்து, அண்ணே.”

ஷாஹிர் தலையில் கைவைத்தான். பரஞ்சோதிக்கோ, சொல்ல வெட்கம், உடம்பு லேசாயிற்று. இனி மயிலிறகு தேடிப் பினாங்குக்கு அலைய வேண்டாம். “இன்னும் ரெண்டடி உயரம் வைங்கண்ணே” என்று எவனும் வந்து நிற்கமாட்டான். ஆணைக்கு ஆணையும் ஆச்சு, ஓய்வுக்கு ஓய்வும் ஆச்சு.

ஆனால் பழகின தோள் சும்மா இருக்கவில்லை. காவடியைத் தூக்கிப் பார்ப்பதுபோலக் காரின் பின்பக்கத்தை வலமும் இடமும் தோளால் நெம்பிப் பார்த்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தொழில் விடவில்லை.

“தம்பி, இடது பக்கம் இழுக்குது. நான் கட்டுனது எதுவும் ஒரு பக்கம் இழுக்காது. உள்ள என்ன வெச்சிருக்க?”

ஷாஹிர் தராசைப் பார்த்தான், செம்பனையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு பின்மூடியைத் திறந்து கம்பளத்தை விலக்கினான். கறுப்புப் பெட்டியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

“பாட்டு இல்லாம எப்படிண்ணே மலை ஏறுறது?”

“உனக்காக மூணு மாசம் கிராம் கிராமா எடையக் கொறைச்சேன்டா, பாவி!”

பிரேமாவதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எறக்குங்கலாஹ், பின்னால லோரி நிக்குது!”

பெட்டியை இறக்கினார்கள். எண்ணூற்றுத் தொண்ணூறு.

ஷாஹிர் அவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். பரஞ்சோதி குதிக்கவில்லை. குலைக் குவியல் ஓரமாக உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பிரேமாவதியிடம் கேட்டார்:

“ஏம்மா, வர்ற தைப்பூசம் என்னைக்கு?”